கிருஷ்ணம்மாளின் கடல்

பாம்பைப் பார்த்துப் பயந்து ஸ்டூல் மேல் ஏறி நின்றதற்காக ஒருத்திக்கு வேலை போய்விடும் என்று யாராவது சொல்லியிருந்தால், போடி பைத்தியம் என்றிருப்பேன். கல்கத்தா சால்ட் லேக்கில் எங்கள் மத்திய அரசு குவார்ட்டர்ஸில் அப்படித்தான் நடக்கப் பார்த்தது. அந்த ஒருத்தியின் பெயர் கிருஷ்ணம்மாள். எங்களுக்கு நேர் கீழ் வீடு.

அவள் கல்கத்தாவுக்கு வந்தது தொண்ணூற்றொன்றில். செங்கல்பட்டுப் பக்கம் ஏரிக்கரையில் இருக்கும் ஓர் இருளர் குடியிருப்புதான் அவளுடைய ஊர். அந்த ஊரிலிருந்து பத்தாவது தேறிய முதல் ஆள் அவள்தான். சின்ன வயதிலேயே அரசாங்க விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அங்கேயே வளர்ந்து, டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, பரீட்சை எழுதி, என் வீட்டுக்காரர் ஜம்புநாதன் செக்‌ஷன் ஆபீஸராக இருந்த அதே அலுவலகத்தில் கிளார்க்காக வந்து சேர்ந்தாள். கூடவே புருஷன் துரைசாமியும் வந்து, லேக் மார்க்கெட் பக்கம் ஒரு தமிழ் மெஸ்ஸில் வேலைக்குப் போனான். மறு வருஷம் இங்கேயே பெண் பிறந்தது. குழந்தைக்கு என்ன பெயர் என்று ஆஸ்பத்திரியில் வங்காளி நர்ஸ் கேட்டபோது இரண்டு பேரும் திருதிருவென்று முழித்திருக்கிறார்கள். நர்ஸே மேக்னா என்று எழுதிக்கொண்டாள். கிழக்கே ஓடும் ஒரு பெரிய ஆற்றின் பெயராம் அது.

கிருஷ்ணம்மாளை எங்கள் குவார்ட்டர்ஸில் யாரும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தி நான் கேட்டதில்லை. ஆபீஸில் அவள் 'எஸ்.டி. கோட்டா'. எதிர் ஃபிளாட் வங்காளி மாஷிமாவுக்கு அவள் 'ஆதிவாசி'. மாஷிமாவின் மனசில் இருந்ததெல்லாம் கொண்டையில் பூ வைத்துக் கைகோத்து வரிசையாக ஆடும் சந்தால் பெண்கள்தான். நீ ஏன் ஆடுவதில்லை என்று இவளை உண்மையான அக்கறையோடு விசாரிப்பாள். தமிழ்ச் சங்கச் செயலாளர் பன்னீர்செல்வம் ஒரு பொங்கல் விழாவில் 'மலைவாழ் மக்களின் மாணிக்கமே' என்று மேடையில் கூப்பிட்டு அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். இறங்கி வந்தவள், "எங்க ஊர்ல மலையே கிடையாது மாமி, ஏரிதான்" என்று என் காதில் சொல்லிவிட்டுப் பொன்னாடையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் 'ட்ரைப்' என்பார். அதுவும் குரலைத் தாழ்த்தி, ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வதுபோல. மேக்னாவின் பள்ளிப் புத்தகத்தில் அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் தலையில் இறகும் கையில் வில்லுமாக ஒரு ஆள் நின்றான். குழந்தை அந்தப் படத்தையும், ஆபீஸுக்குக் கிளம்பி வாட்ச் கட்டிக்கொண்டிருந்த அம்மாவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "மா, ஆம்ரா கி ட்ரைப்?" என்று வங்காளியில் கேட்டிருக்கிறது. நாம ட்ரைபா என்று அர்த்தம். நாம நாமதான், பாலைக் குடி என்றாளாம் கிருஷ்ணம்மாள்.

பாம்பு வந்தது தொண்ணூற்றெட்டு மழைக்காலத்தில். சால்ட் லேக் முழுக்கத் தண்ணீர் நின்றது. மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டிகள் இருக்கும் மூலையில் அது சுருண்டு கிடந்ததை யாரோ பார்த்துக் கத்தினார்கள். மூன்று மாடி ஜனமும் படியில் கூடிவிட்டது. கிருஷ்ணம்மாளைக் கூப்பிடு என்று ஒருத்தர் சொல்ல, ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் சொல்ல, என் வீட்டுக்காரரே ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். கையில் கரண்டியோடு வந்தாள். எட்டிப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் வாட்ச்மேனின் ஸ்டூல் மேல் நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு அலறினாள். அவள் போட்ட சத்தத்தில் பாம்பே பயந்து சாக்கடைப் பக்கம் போய்விட்டது. சாயங்காலம் மெஸ்ஸிலிருந்து வந்த துரைசாமி கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளுக்குப் பல்லி என்றாலே ஆகாது, பாம்பு பிடிப்பது நான், என்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்றான். விடுதியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது டைப்ரைட்டிங்தானே.

நாங்களும் சிரித்தோம். கொஞ்ச நாளில் ஆபீஸுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. இருளர் என்றால் பாம்பு பிடிப்பவர்கள், இவரோ பாம்பைக் கண்டு அலறுகிறார், ஆகவே இவர் இருளர் அல்ல, போலிச் சான்றிதழில் வேலை வாங்கியிருக்கிறார் என்று அதில் இருந்தது. எழுதியது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. ஆனால் அன்றைக்குப் படியில் கூடி நின்றவர்களில் ஒரு முகம் எங்கள் எல்லோர் மனசிலும் இருந்தது. எப்போதும் குரலைத் தாழ்த்தும் என் வீட்டுக்காரர் அன்றைக்கு ஊர் கேட்கக் கத்தினார். "அப்போ நான் வேதம் முழுக்கச் சொல்லிக் காட்டணுமோ? போச்சு, என் வேலையும் போச்சு!" உங்களுக்குச் சந்தியாவந்தனமே பாதியில் மறந்துபோகும், சும்மா இருங்கள் என்றேன். சிரித்தேனே தவிர, இது சிரிப்பில் முடியும் விஷயமில்லை. விசாரணையில் போலி என்று ஆனால் வேலை போகும். வீடு போகும். அவள் பெண்ணின் பள்ளிக்கூடம் போகும்.

மறு வருஷம் மாசி பிறக்கும் சமயத்தில் சென்னையிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். ராகவேந்திரன் என்று பெயர். ஒல்லியான, நிதானமான மனிதர். கீழ் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பேசினார். தைரியத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் கூட இருந்தோம். பாம்பு விஷயத்தை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

"ட்ரைப்னா இறகும் இல்ல, வில்லும் இல்ல, பாம்பும் இல்லம்மா. அந்த ஜனங்க இவங்க எங்க ஆளுன்னு சொல்லணும். அவ்வளவுதான்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "சிக்கல் அங்கதான் இருக்கு" என்றார்.

இங்கே வருவதற்கு முன்னாலேயே அவர் ஏரிக்கரைக்குப் போய்வந்திருக்கிறார். எல்லோருக்கும் கிருஷ்ணம்மாளைத் தெரிந்திருக்கிறது. இன்னாரின் மகள், இந்தக் குடிசையில் பிறந்தாள் என்று கை காட்டியிருக்கிறார்கள். ஆனால் அங்கே பெரியவர் மருதமுத்து. கிருஷ்ணம்மாளுக்குத் தாய்மாமன். அவர் வாயைத் திறந்து, பிறந்ததென்னவோ எங்கள் வயிற்றில்தான், ஆனால் மாசிக்குக் கடலுக்கு வராதவள் எங்கள் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. அதை எழுதாமல் விட முடியாது, எழுதினால் மேலே இருப்பவர்கள் அந்த ஒரு வரியைத்தான் படிப்பார்கள் என்றார் ராகவேந்திரன்.

கிருஷ்ணம்மாள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எட்டு வருஷப் பழக்கத்தில் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வேலைக்காக அழுகிறாள் என்று நினைத்து, ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். "வேலை கெடக்குது மாமி. எங்க மாமன் இப்பிடி சொல்லிட்டாரே" என்றாள்.

அவள் விளக்கிச் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அவர்களுடைய தெய்வம் கன்னியம்மன். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டவள். வருஷத்துக்கு ஒரு தடவை, மாசிப் பௌர்ணமிக்கு, சுற்றுப்பக்கத்து இருளர்கள் எல்லோரும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போவார்கள். புடவையைக் கட்டிக் கூடாரம் போட்டு, மணலிலேயே தங்கி, அலை ஓரத்தில் மணலால் ஏழு படி கட்டுவார்கள். பூவும் பொரியும் வைத்து, கோபம் தீர்ந்து வீட்டுக்கு வா தாயே என்று கூப்பிடுவார்கள். அலை வந்து படியைத் தொட்டால் அம்மா வந்துவிட்டாள். கல்யாணம் பேசுவது, சண்டை தீர்ப்பது எல்லாம் அந்த மணலில்தான். எங்கே பிழைக்கப் போனாலும் அன்றைக்கு அங்கே வந்து நிற்க வேண்டும். கல்கத்தாவிலிருந்து இவள் எப்படிப் போவாள்? மாசி முடியும் நேரத்தில் வருஷக் கணக்கு முடிக்க ஆபீஸ் பறக்கும். லீவு கேட்டால் என் வீட்டுக்காரரே முறைப்பார்.

"ஆனா நான் கடலுக்குப் போகாம இல்ல சார்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வருஷா வருஷம் போறேன். இங்கயே போறேன்."

ராகவேந்திரன் என்னைப் பார்த்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கல்கத்தாவில் ஏது கடல்? மாசியில் ஒரு நாள் அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கங்கைக்கரைக்குப் போவது எனக்குத் தெரியும். ஏதோ ஸ்நானம் என்று நினைத்திருந்தேன்.

வந்த முதல் மாசியில் அவள் பிள்ளைத்தாய்ச்சி. கடலுக்குப் போக முடியவில்லையே என்று மனசு ஆறாமல் காலையில் பாபுகாட் படித்துறைப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறாள். இந்தத் தண்ணீர் கடலுக்குத்தானே போகிறது, இதனிடமாவது சொல்லி அனுப்புவோம் என்று ஒரு முழம் பூவை ஆற்றில் விட்டிருக்கிறாள். பூ தெற்கே போயிற்று. இவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்பறம் தண்ணி திரும்பிடுச்சு மாமி. மயக்கம் வருதுன்னு நெனச்சேன். ஆறு எதிர்ப் பக்கம் ஓடுது. நான் அனுப்பின பூ எங்கிட்டயே வந்துடுச்சு." சமுத்திரம் வருது தீதி, மேலே ஏறு என்று படகுக்காரன் ஒருவன் கத்தியிருக்கிறான். அதிலிருந்து ஒவ்வொரு மாசிக்கும் அங்கே போய்ப் படி கட்டுகிறாள்.

பௌர்ணமியை ஒட்டி ஹூக்ளியில் (இங்கே கங்கைக்கு அதுதான் பெயர்) கடல் ஏறி வரும், வங்காளிகள் அதைப் 'பான்' என்பார்கள் என்று எனக்கும் கேள்வி ஞானம் உண்டு. போய்ப் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை.  வேறு விசாரணைகளும் இருந்ததால் பௌர்ணமி வரை ராகவேந்திரன் கல்கத்தாவில்தான் இருப்பார். நான் ஒப்புக்கொண்டு பிரயோஜனம் இல்லை, உங்கள் மாமா ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். அன்றைக்கே துரைசாமி ஹௌராவில் ரயிலேறினான், பெரியவரைக் கூட்டி வர.

மருதமுத்து வந்து இறங்கினார். குள்ளமான மனிதர், நரைத்த சுருட்டை முடி, தோளில் ஒரு துண்டு, செருப்பு கிடையாது. செங்கல்பட்டு ஜில்லாவைத் தாண்டியது அதுதான் முதல் தடவையாம். ஆனாலும் ஹௌரா பாலத்தைப் பார்த்து அசந்துபோனதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மருமகளின் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். பேச்சு தீர்கிற வரைக்கும் இந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றார். அது அவர்கள் முறையாம், வழக்கு தீர்க்க வந்தவன் வழக்குக்காரர் வீட்டில் சாப்பிடக்கூடாது. கிருஷ்ணம்மாள் ஆக்கி வைத்த மீன் குழம்பு அப்படியே இருந்தது. மேக்னா போய்க் கையைப் பிடித்து இழுத்தது. அவர் குழந்தையின் தலையைத் தடவினாரே ஒழிய, உள்ளே வரவில்லை. ஆகவே அவருக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். தயிர்சாதமும் மாவடுவும். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். ஆனால் ஒவ்வொரு வேளையும் தட்டை ஒரு தடவை சந்தேகமாகப் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தார். மீன் வாசனை படியேறி வரும் வீட்டில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவதற்கும் ஒரு வைராக்கியம் வேண்டும்.

"இங்க கடலு எந்தப் பக்கம்மா?" என்று என்னிடம் கேட்டார். ஜன்னல் வழியாகத் தெற்கே கை காட்டினேன். ரொம்ப தூரம் என்றும் சொல்லிவைத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

பௌர்ணமியன்று காலை எல்லோரும் ஒரு டாக்சியிலும் ஒரு பஸ்ஸிலுமாகப் பாபுகாட் போய்ச் சேர்ந்தோம். படித்துறையைத் தாண்டி, கல் பெயர்ந்து சேறு தெரியும் ஓர் இடம். கிருஷ்ணம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்று வண்டலை அள்ளி அள்ளி ஏழு படி கட்டினாள். ஆபீஸில் நகத்தில் மை படாமல் டைப் அடிக்கும் கை அது. பூ, பழம், வெற்றிலை, பொரி எல்லாம் வைத்தாள். பிறகு ஒரு முழம் பூவை ஆற்றில் விட்டாள். அது ஆகாயத்தாமரையோடு சேர்ந்து தெற்கே மிதந்து போயிற்று.

மருதமுத்து கைகட்டி நின்று பார்த்தார். "இது ஓடற தண்ணி. போற தண்ணி. இதுக்குப் பேரு ஆறு" என்றார்.

கொஞ்சம் இரு மாமா என்றாள் அவள். அவள் உதடு வறண்டிருந்தது. என் பக்கம் வந்து, சில வருஷம் அலை பெரிசா வரும், சில வருஷம் வெறும் கோடு மாதிரிதான் வரும் என்று கிசுகிசுத்தாள்.  இதை முன்னாலேயே சொல்லியிருக்கக்கூடாதா? வெயில் ஏறியது. ராகவேந்திரன் குடையை விரித்துக்கொண்டார். துரைசாமி பீடியைப் பற்ற வைக்காமலேயே வாயில் வைத்திருந்தான். என் வீட்டுக்காரர் உதடு அசைந்தது. சந்தியாவந்தனத்தில் மறக்காத பகுதியாக இருக்கும். ஆறு சாதாரணமாக, பழுப்பாக, சோம்பலாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தது.

முதலில் படகுகள்தான் நகர்ந்தன. கரையோரம் கட்டியிருந்ததையெல்லாம் அவிழ்த்து நடு ஆற்றுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பான் ஆஷ்சே, பான் ஆஷ்சே என்று ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் குரல் போயிற்று. போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டு, குளித்துக்கொண்டிருந்தவர்களை மேலே விரட்டினார். நாங்களும் மேலே ஏறினோம். கிருஷ்ணம்மாள் மட்டும் படிகளுக்குப் பக்கத்தில் நின்றாள். மருதமுத்துவும் அசையவில்லை.

தெற்கே ஆற்றின் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. கோடுதான், போச்சு என்று நினைத்தேன். அந்தக் கோடு சத்தம் போட்டது. முதலில் தூரத்து ரயில் மாதிரி, பிறகு கரையே உறுமுவது மாதிரி. ஒரு கரையிலிருந்து மறு கரை வரை, அத்தனை பெரிய ஆற்றின் அகலத்துக்கும், தண்ணீர் எழுந்து சுவராக வடக்கே வந்தது. படகுகள் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கின. என் உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. பதினான்கு வருஷம் இந்த ஊரில் இருந்துகொண்டு, பஸ் ஜன்னலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நான் கடந்துபோன ஆறு இது. கடல் நூறு மைல் நடந்து இதற்குள் வருகிறது. என்னையறியாமல் கும்பிட்டேன். அலை வந்து கரையில் அறைந்தது. ஏழு படியும் ஒரே வாயில் போயிற்று. கிருஷ்ணம்மாள் இடுப்பு வரை நனைந்து, கையைக் கூப்பிக்கொண்டு, வா தாயே வா என்று குரல் உடைந்து கூப்பிட்டாள். மேக்னா என் கையை உதறிவிட்டு ஓடப் பார்த்தது, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆறு முழுசாக வடக்கே ஓடியது. ஆகாயத்தாமரை, தென்னை மட்டை, யாரோ போட்ட சாமந்தி மாலை எல்லாம் திரும்பி வந்தன. அதற்குள்ளே ஒரு முழம் பூவும் வந்தது. அது அவள் விட்ட பூதானா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. அன்றைக்கு அங்கே நின்ற யாருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை.

மருதமுத்து சேற்றிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார். நான் பயந்தேபோனேன். துரைசாமி ஓடிப்போய்த் தூக்கினான். எழுந்தவர் துண்டால் முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. படி இருந்த இடத்துச் சேற்றைத் தொட்டு கிருஷ்ணம்மாள் நெற்றியில் வைத்தார். மேலே ஏறி வந்து குழந்தை நெற்றியிலும் வைத்தார். பிறகு ராகவேந்திரனிடம் வந்தார். 

"நாங்க அம்மாளத் தேடினு கடலுக்குப் போறோம் சார். இவளத் தேடினு அம்மாளே வந்துகிறா. இவ எங்க ஆளா இல்லியான்னு சொல்ல நான் யாரு?"

ராகவேந்திரன் குடையை மடக்கினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் அரசாங்க உத்தியோகம் அல்லவா, மெதுவாகக் கெஞ்சினார். அதை அப்படியே எழுத முடியாது பெரியவரே, எங்கள் ஆள்தான் என்று ஒரே ஒரு வார்த்தை நீங்கள் சொல்லிவிடுங்கள் என்றார்.

 மருதமுத்து கீழே நனைந்துபோய் நின்றுகொண்டிருந்த மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

"பசிக்குதுடி. வூட்டுக்குப் போயி சோறு போடு" என்றார்.

கிருஷ்ணம்மாள் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். துரைசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான். ராகவேந்திரனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

அவளுடைய வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆபீஸில் இப்போது அவள் பதவி உயர்ந்து, என் வீட்டுக்காரர் உட்கார்ந்த நாற்காலிக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். மேக்னா ஜாதவ்பூர் யூனிவர்சிட்டியில் படிக்கிறாள், மாசிப் பௌர்ணமிக்குக் கிளாஸுக்குப் போவதில்லை. இதெல்லாம் பின்னால் வந்தது. அன்றைக்குக் கரையிலிருந்து நேரே கீழ் வீட்டுக்குள் போன மருதமுத்து, கால் கழுவி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மீன் குழம்பு ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டார். நான் மாடியில் அவருக்காகப் பிசைந்து வைத்திருந்த தயிர்சாதம் அப்படியே மிஞ்சிப்போனது.